வெள்ளவத்தைக்குப் பதிவு செய்த கார்

பெயர்: யோகேஸ்வரன் கோசலா. தந்தை பெயர்: மார்க்கண்டு. வயது: 44. சமயம்: இந்து. தொழில்: பெண்கள் விடுதிப் பொறுப்பாளர். நிரந்தர முகவரி: கடற்கரை வீதி, உடப்பு. தற்காலிக முகவரி: வெள்ளவத்தை, கொழும்பு 06. வீட்டிலக்கமும் வீதியும் தனித்தாளில் எழுதித் தரப்பட்டுள்ளன. அத்தாளை முறைப்பாட்டாளருக்குக் காட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டேன்.

2018.02.26 ஆந் திகதி முற்பகல் 10.20 மணிக்கு உடப்புப் பொலிஸ் நிலையத்தில் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் முன்னிலையில் தமிழில் கூறுவதாவது:

நான் உடப்பில் பிறந்து வளர்ந்தவள். வெளிவாரியாகப் படித்துக் கலைப்பட்டம் பெற்றுள்ளேன். முறைப்பாட்டாளரான யோகேஸ்வரன் எனது கணவர். அவர் கரைவலைச் சம்மாட்டி, வலையும் தோணியும் அவருடையவை, ஆட்களை வைத்து வலை இழுப்பிக்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒன்பது வருடங்கள் தொண்டர் ஆசிரியையாகப் படிப்பித்தேன். நிரந்தர நியமனம் கிடைக்காது என்று தெரிந்த பின்னர், 2014 டிசம்பர் மாதம் கட்டாருக்குச் சென்று, பாரிசவாதத்தால் படுத்திருந்த ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் மூன்று வருடங்களுக்கு மேல் இருந்தேன். பட்டம் பெற்றவள் அந்த வேலைக்கு ஏன் சென்றேன் என்று கேட்கப்பட்டது. அந்த வேலைதான் கிடைத்தது.

நான் அங்கிருந்தபோது, 2016 ஆம் ஆண்டில், எனது மாமியார் பூமணி என்பவரும் பாரிசவாதத்தால் இடப்பக்கம் வழங்காமல் படுக்கையில் விழுந்தார். அவரைக் கணவரின் தங்கை நிலக்ஷி பராமரித்து வந்தார்.

கடந்த ஜனவரி மாதம், முன்பு என்னுடன் படித்து இப்போது கனடாவில் இருக்கும் ஒருவர் மூலமாக, வெள்ளவத்தையில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதியொன்றுக்குப் பொறுப்பாளர் தேவை என அறிந்தேன். தொலைபேசியில் கதைத்ததில், பெப்ரவரி 15 ஆந் திகதி பொறுப்பேற்க வேண்டும் எனவும், தங்குவதற்கு ஓர் அறை தரப்படும் எனவும் கூறினார்கள். அதன் பின்னர் நான் கட்டார் வேலையிலிருந்து விலகினேன். இதனைக் கணவருக்குத் தெரிவிக்கவில்லை. எனது ஒப்பந்தம் ஏப்ரல்வரை நீடிக்கப்பட்டுள்ளது என்று பொய் சொன்னேன்.

ஏன் அவ்வாறு சொன்னேன் என்று கேட்கப்பட்டது. கணவர் என்னை அடித்ததில்லை. குடிப்பவரும் அல்ல. ஒரு வரியில் எழுதக்கூடிய காரணம் என்னிடம் இல்லை. கட்டாரிலிருந்து நான் வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் அவர் போனை மாமியாரின் கட்டிலருகே சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவார் என்பதை மட்டும் கூறினேன். பெண் உத்தியோகத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

அதன் பின்னர், விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குத் தனியார் கார் ஒழுங்கு செய்து தரும் இணையத்தளம் ஒன்றில், கட்டுநாயக்கவிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு காரைப் பதிவு செய்தேன். விமான நிலைய வாசலில் உடப்பு, ஆண்டிமுனை வான்காரர்கள் எப்போதும் நிற்பார்கள். அவர்கள் கண்ணில் படாமல் நேராக ஒரு காரில் ஏறிப் போய்விட வேண்டும் என்பதே எனது எண்ணம். அந்தப் படிவத்தில் பெயர், விமான இலக்கம், போய்ச் சேரும் முகவரி, பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் பின்னர் இலங்கைக் கையடக்கத் தொலைபேசி இலக்கம் ஒன்று கட்டாயமாகக் கேட்கப்பட்டது. எனது பழைய சிம் காலாவதியாகியிருந்தது. விடுதியில் இருப்பது வீட்டுத் தொலைபேசி, அந்த இலக்கத்தைப் படிவம் ஏற்கவில்லை. எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரேயொரு கையடக்க இலக்கம் கணவருடையது. அதையே இட்டேன். படிவத்தை அடுத்த பக்கத்துக்கு நகர்த்துவதற்கு ஓர் இலக்கம் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இது நான் செய்த பிழை.

2018.02.12 ஆந் திகதி திங்கட்கிழமை முற்பகல் 9.30 மணியளவில் நான் வந்திறங்கினேன். வெளியே எனது பெயர் எழுதிய மட்டையுடன் சாரதி நின்றார். அவர் பெயர் தோமஸ் றொபி என்றும் சிலாபத்தைச் சேர்ந்தவர் என்றும் பின்னர் அறிந்தேன். அவர் தமிழில் கதைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் எனது முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே பார்த்தார். இரண்டு பெட்டிகளையும் தாமே தூக்கினார். காரில் ஏறியதும் றேடியோவை நிறுத்தினார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். பசியில்லை என்றபோதும் வழியில் ஒரு கடையடியில் நிறுத்தி, இரண்டு பணிசும் ஒரு போத்தல் தண்ணீரும் வாங்கித் தந்து, “சாப்பிட்டிருங்க அக்கா, பிறகு எத்தினை மணிக்குச் சாப்பிடக் கிடைக்குமோ தெரியாது” என்றார். இப்படியும் ஒரு சாரதி இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு ஒரு பணிசைச் சாப்பிட்டேன்.

அதன் பின்னர் கார் கொழும்பு அதிவேகப் பாதைக்குத் திரும்பாமல் நீர்கொழும்புப் பக்கம் சென்றது. நான் கேட்டபோது, அங்கே வேலை நடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும் என்றார். மூன்று வருடங்களாக நாட்டில் இல்லாதபடியால் நம்பினேன். கொச்சிக்கடைப் பாலத்தைக் கடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. இது சிலாபம் போகும் பாதை, நான் பதிவு செய்தது வெள்ளவத்தைக்கு என்று சொன்னேன். அவர், “ஓம் அக்கா, தெரியும். வீட்டில இருந்து மாத்தினாங்க. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, தண்ணியக் குடிங்க” என்றார். நான் இறக்கிவிடும்படி கேட்டேன். அவர் தொடர்ந்து ஓட்டினார். மாரவிலையில் வாகன நெரிசலில் கார் நின்றபோது கதவைத் திறக்க முயன்றேன். உள்ளிருந்து திறக்க முடியாதவாறு பூட்டப்பட்டிருந்தது. மறுபக்கக் கதவும் அவ்வாறே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால், கை எட்டும் தூரத்தில், ஒரு பெண் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து பிள்ளைக்குத் தொப்பி கட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தட்டவில்லை. தட்டினால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாரதி தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்து, “வேணாம் அக்கா. போன வருசமும் ஒரு அக்கா இப்பிடித்தான், தெரிஞ்ச உடனே கதவத் திறந்து குதிக்கப் பாத்தவங்க. அதுக்குப் பிறகுதான் நான் பூட்டுறது” என்றார். என்ன தெரிந்தவுடன் என்று கேட்டேன். “எல்லாருக்கும் ஒரு நாள் வாறதுதானே அக்கா” என்றார்.

இவ்விடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பகுதியில், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டில் நடந்த மரணத்தை விமான நிலையத்திலோ வழியிலோ சொல்வதில்லை. வீட்டு வாசலுக்கு வந்த பின்னர்தான் தெரிய வேண்டும் என்று வாகனக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். நானும் ஒருமுறை அயல்வீட்டுப் பெண்ணை அழைத்துவர வானில் சென்று, அவளுடைய தகப்பன் சவப்பெட்டியில் கிடக்கும்போது, கட்டுநாயக்கவிலிருந்து உடப்புவரை அவளுடன் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எனவே சாரதி சொன்னது எனக்கு உடனே விளங்கியது. அவர் என்னை மரண வீட்டுக்குக் கொண்டு போகிறார்.

யார் என்று கேட்டேன். தமக்குத் தெரியாது என்றார். மாமியார் இறந்திருந்தால் கணவர் எனக்கு அறிவித்திருப்பார் என்று யோசித்தேன். அறிவிக்க ஆள் இல்லை என்றால் இறந்தது கணவராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மாதம்பை, சிலாபம், முன்னேஸ்வரம் எல்லாம் கடந்து பத்துளுஓயாச் சந்திவரை காரை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை என்பது உண்மை. அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்டதைத் துக்கம் என்று கூற முடியாது. மூன்று நாளில் பொறுப்பேற்க முடியுமா, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை இருக்க வேண்டி வருமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத வேண்டுமா என்று உத்தியோகத்தர் கேட்டார். எழுதும்படி சொன்னேன்.

பிற்பகல் 12.45 மணியளவில் கார் எங்கள் வீட்டடியில் நின்றது. வீதியில் மரண வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி இல்லை. வாசலில் கணவர் சலவை செய்த சட்டையுடன் நின்றார். சாரதி இறங்கி வீதியின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, யார் அண்ணே மோசம் போனது என்று கேட்டார். கணவர் சிரித்துக்கொண்டு, “ஒருத்தரும் போகல தம்பி. அம்மா உள்ளதான் கிடக்கிறா, வேணுமெண்டா போய் மூச்ச வச்சுப் பாரும்” என்றார். முதல் நாள் மாலை, வழமைப்படி வருகையை உறுதி செய்துகொள்ளச் சாரதி நான் கொடுத்த இலக்கத்துக்கு அழைத்திருக்கிறார். வெள்ளவத்தை என்ற சொல்லைக் கணவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒரு மரணம், அவளுக்குத் தெரியாது, சொல்லாமல் உடப்புக்குக் கொண்டு வாரும் என்று சொல்லியிருக்கிறார்.

சாரதி எனது பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்தார். “அக்கா, நான் ஏமாத்தல. மரண வீடெண்டுதான் எனக்குச் சொன்னாங்க” என்றார். பெட்டியைக் கையில் தரும்போது கைப்பிடியுடன் சேர்த்துத் தமது இலக்கம் அச்சடித்த அட்டையையும் தந்தார். நான் உள்ளே போனேன். ஏன் அப்போதே அதே காரில் ஏறித் திரும்பிப் போகவில்லை என்று கேட்கப்பட்டது. அதற்குள் அயலில் உள்ளவர்கள் வந்துவிட்டார்கள். எல்லோரும் என்னை வரவேற்றார்கள்.

அன்று மாலை கணவர், பத்திரமாக வைப்பதற்கு என்று சொல்லி, எனது கைப்பையிலிருந்து கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்தார். மறுநாள் நான் கேட்டபோது, அலுமாரியில் இருக்கிறது, எங்கே போகப் போகிறாய் என்றார். அலுமாரித் திறப்பு அவருடைய அரைஞாண் கயிற்றில் இருந்தது. எனது போனில் கட்டார் சிம் மட்டுமே இருந்தது. அது வேலை செய்யவில்லை.

நிலக்ஷிக்குக் குவைத் விசா வந்திருந்ததை அப்போதுதான் அறிந்தேன். அவர் 16 ஆந் திகதி வெள்ளிக்கிழமை புறப்பட்டுச் சென்றார். அதற்கு முன்னர், மருந்து நேரங்களை எனக்குச் சொல்லித் தந்தபோது, எனக்கு ஒரு வேலை இருக்கிறது, நான் நிற்க மாட்டேன் என்று சொன்னேன். அவர், “அரபிட தகப்பனப் புரட்டினவங்களுக்குச் சொந்த மாமியப் புரட்டக் கை கூசுதாக்கும்” என்றார். பின்னர் அழுதார். இரண்டு வருடங்களாக நான் ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போகவில்லை மச்சாள் என்றார். அவரில் எனக்குக் கோபம் இல்லை.

வீட்டில் என்னைப் பூட்டி வைத்தார்களா என்று கேட்கப்பட்டது. இல்லை. கதவு பகல் முழுவதும் திறந்தே கிடந்தது. கணவர் விடியற்காலையில் வலைக்குப் போனால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் வருவார். நிலக்ஷி போன பிறகு அதுவரை வீட்டில் நானும் மாமியாரும் மட்டுமே. 15 ஆந் திகதி, நான் பொறுப்பேற்க வேண்டிய தினத்தன்று, நிலக்ஷி பயணச் சாமான்கள் வாங்கச் சிலாபத்துக்குப் போயிருந்தபோது, கால்வாய்ப் பாலம்வரை நடந்தேன். பத்துளுஓயா பஸ் அங்கே நின்றது. மாமியாரைப் புரட்டி ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் இருபது நிமிடத்தில் மறுபடி புரட்ட வேண்டும் என்பது எனக்கு நினைவில் இருந்தது. திரும்பி வந்து புரட்டினேன். பூட்டாத கதவைப் பற்றி இவ்வளவுதான் கூற முடியும்.

21 ஆந் திகதி புதன்கிழமை முற்பகல், படுக்கை நனைந்து மெத்தைவரை ஊறியிருந்தது. மாமியாரைக் கட்டிலின் ஓரத்துக்குப் புரட்டிவிட்டு, காய்ந்த சாக்கு ஒன்றைச் செருகுவதற்காகச் சுவர்ப்பக்கம் மெத்தையை உயர்த்தினேன். பலகையில் ஒரு பொலித்தீன் பையில் எனது கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் இருந்தன. அலுமாரி என்று சொன்னது பொய். அந்த வீட்டில் யாரும் கை வைக்காத இடம் அது என்று கணவர் நினைத்திருக்கிறார். அந்த மெத்தையை ஒரு நாளாவது அவர் தூக்கி வெயிலில் போட்டிருந்தால் வேறு இடம் தேடியிருப்பார்.

மாமியார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுத் தெளிவில்லை, ஆனால் எனக்கு விளங்கும். “எடு. நான் நித்திரை” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். ஆகவே, நான் ஆவணங்களை எடுத்தபோது அவர் நித்திரையில் இருந்தார் என்றே பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் எதிர்வீட்டுப் பாக்கியம்மாவிடம், மருந்துக்கடைக்கு எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வாங்கி, அட்டையில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். சாரதி, உடப்பு அக்காவா என்று கேட்டார். மறுநாள் பகல் ஒரு மணிக்குப் பாலத்தடியில் நிற்பதாகச் சொன்னார். மறுநாள் 22 ஆந் திகதி மாமியாருக்குக் கஞ்சி கொடுத்து, கழுவி, 12.40 மணிக்குப் புரட்டி வைத்தேன். பாக்கியம்மாவைக் கூப்பிட்டு, புண்ணுக்குப் பூசும் மருந்து வாங்கப் போகிறேன், கணவர் வரும்வரை இருங்கள், 2.40 மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள் என்று சொன்னேன். இதில் கடைசி விடயம் மட்டுமே உண்மை. பாக்கியம்மாவிடம் பொய் சொன்னதற்காக வருந்துகிறேன். மாமியாரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் கண்ணைத் திறக்கவுமில்லை.

கைப்பையுடன் மட்டும் பாலத்துக்குச் சென்றேன். காரில் ஏறியதும் சாரதி, முதலில் கதவைத் திறந்து பாருங்க அக்கா என்றார். திறந்து பார்த்தேன். திறந்தது. அதன் பின்னர் மூடிக்கொண்டு வெள்ளவத்தைக்குச் சென்றேன். விடுதியில் ஒரு மாதம் பார்த்து முடிவு சொல்வதாகக் கூறி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

நேற்று 25 ஆந் திகதி மாலை, சாரதியின் மனைவி அல்பொன்சா என்பவர், சாரதியிடம் நான் கொடுத்திருந்த விடுதி இலக்கத்துக்கு அழைத்துக் கதைத்தார். விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தில் வைத்துத் தமது கணவர் கைது செய்யப்பட்டதாகவும், ஒரு பெண்ணை நகைகளுடன் கடத்தியதாக முறைப்பாடு என்றும் சொன்னார். பாக்கியம்மாவின் போனில் நான் அழைத்த இலக்கத்தைக் கணவர் பார்த்திருக்க வேண்டும். “நீங்க வந்து ஒரு சொல்லுச் சொன்னா விட்டிருவாங்க மிஸ். எங்கட இவருக்கு வாயில்ல” என்றார். நான் வந்தால் கணவர் இங்கே இருப்பார் என்பது எனக்குத் தெரியும். வராவிட்டால் சாரதி இங்கே இருப்பார் என்பதும் தெரியும். இன்று அதிகாலைப் பஸ்ஸில் வந்தேன்.

22 ஆந் திகதி நான் எனது சொந்த விருப்பத்தின் பேரிலேயே சென்றேன். தோமஸ் றொபி என்னைக் கடத்தவில்லை. 12 ஆந் திகதி அவர் என்னை உடப்புக்குக் கொண்டு சென்றது எனது கணவர் சொன்ன பொய்யை நம்பியே, அதற்காக அவர்மீது எனக்கு முறைப்பாடு இல்லை. முறைப்பாட்டில் சொல்லப்பட்ட சங்கிலி எனது கழுத்தில் உள்ளது, அது எனக்குத் தகப்பன் போட்டது. கணவர்மீது முறைப்பாடு செய்கிறேனா என்று கேட்கப்பட்டது. அவர் பொய் சொல்லி என்னை வரவழைத்தார், எனது சம்மதம் இல்லாமல் கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் மறைத்து வைத்திருந்தார் என்று எழுதினால் போதும்.

இன்று நிலையத்துக்குள் நுழையும்போது கணவர் விறாந்தை வாங்கிலிருந்து எழுந்து வந்து, “பெட்டி ரெண்டும் வீட்டில கிடக்கு. அம்மா உன்னத்தான் கேக்கிறா. வா” என்றார். நான் அவரைக் கடந்து உள்ளே போனேன். இது குடும்பப் பிரச்சினைதானே, சேர்ந்து போகலாமே என்று பெரிய உத்தியோகத்தர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கேட்டார். நான் சேர்ந்து போகச் சம்மதிக்கவில்லை. பெட்டிகளைக் கேட்கவுமில்லை.

வேறு ஏதும் கூற விரும்புகிறேனா என்று கேட்கப்பட்டது. மாமியாரை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டேன். உத்தியோகத்தர் வெளியே சென்று விசாரித்து வந்து, பகலில் பாக்கியம்மா வந்து போவதாகவும் மற்ற நேரங்களில் முறைப்பாட்டாளரே இருப்பதாகவும் சொன்னார். அப்படியானால் பின்வருவனவற்றையும் எழுதும்படி கேட்டேன். இவை விசாரணைக்குத் தொடர்பில்லாதவை என்று உத்தியோகத்தர் சொன்னார். நான் திரும்பவும் கேட்டேன்.

மாமியாரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இடது தோள் கழன்றுவிடும். விரிப்பைப் பிடித்துப் புரட்ட வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும். கஞ்சியை வலப்பக்கக் கன்னத்தால் கொடுக்க வேண்டும், விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. இடுப்புக்குக் கீழே ஒரு சிறு புண் உள்ளது. சிவப்பாக இருக்கும்வரை பயமில்லை, கறுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவும்போது அவருடைய முகத்தைப் பார்க்கக் கூடாது, மகன் என்றபடியால் வெட்கப்படுவார். ஆனால் பேசாமலும் இருக்கக் கூடாது. கதைக்க ஒன்றும் இல்லாவிட்டால் அன்று வலையில் பட்ட மீனைப் பற்றிக் கதைக்கலாம்.

இப்பகுதியை உத்தியோகத்தர் வெளியே சென்று முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்டினார். திரும்பி வந்து, இரண்டு மணித்தியாலம் என்பது இரவிலுமா என்று அவர் கேட்பதாகச் சொன்னார்.

ஓம், இரவிலும் என்று பதிலளித்தேன்.

எழுதப்பட்ட யாவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்லி, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) யோ. கோசலா
2018.02.26